இரண்டு வார ஊழியம்

அமெரிக்கக் கிறிஸ்தவக் கல்லூரிகளில் விடுமுறை வந்ததும் மாணவர் குழுக்கள் மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் ஊழியப் பயணம் புறப்படுகின்றன. ஓரிரு வாரம் தங்கி, வீடு கட்டி, சுவருக்கு வண்ணம் பூசி, சிறுவரோடு பாடி மீள்கின்றன. அவர்களது நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. பயன் யாருக்கு என்பதே கேள்வி.

1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராசைச் சீரழித்தது. அங்கு வீடு கட்டச் சென்ற வட அமெரிக்கக் குழுக்களைப் பற்றிக் கால்வின் கல்லூரிச் சமூகவியலாளர் கேர்ட் வெர் பீக் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அக்குழுக்கள் கட்டிய வீடுகளில் வாழ்ந்தோருக்கும் உள்ளூர் அமைப்புகள் கட்டியவற்றில் வாழ்ந்தோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சென்று வந்தோரிடமும் நிலையான மாற்றம் சொற்பமே என்று அவர் கண்டார்.

இம்மரபின் வேர் எமக்கு அந்நியமன்று. 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் இடிமழைக்கு வைக்கோற் போரடியில் ஒதுங்கிச் செபித்தனர். அந்த எழுச்சியில் 1810இல் பிறந்த அமெரிக்க மிசன் சங்கத்தினர் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர், தமிழ் கற்றனர், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவினர். 1847இல் வந்த மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர்களது மத நோக்கத்தை ஏற்பவரும் மறுப்பவரும் எம்மிடையே உளர். அவர்கள் தங்கினர், எம் மொழியைக் கற்றனர் என்பதை மறுப்பார் இலர்.

உதவி பெறும் வரிசையில் நின்றறிந்த நாம் அம்மாணவருக்குச் சொல்லக்கூடியது ஒன்றே: வண்ணம் பூசும் கைகள் அந்த ஊரிலும் உண்டு. முதலில் அவர்களது மொழியைக் கற்றுச் செல்லுங்கள்.