விளையாட்டும் வினையும்

"விளையாட்டு வினையாகும்" என்று பெரியோர் சிறுவரை எச்சரிப்பதுண்டு. அங்கு வினை என்னுஞ் சொல் தீங்கு என்னும் பொருள் தந்து நிற்கின்றது. ஆயினும், வினை என்பதற்குத் தொழில் என்னும் பொருளே தமிழில் முதன்மையானது. அப்பொருள் கொண்டு நோக்கின் எச்சரிக்கையே ஓர் உண்மையாகிவிடும். குழந்தைக்கு விளையாட்டே வினை. அதுவே அதன் கல்வியும் ஆம். முப்பது ஆண்டுகளாக இலக்கணங் கற்பித்துவரும் யான் இவ்வுண்மையைத் தெளிந்தது அட்டனுக்கு அணித்தாயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலாகும்.

மலைநாட்டார்க்குப் பிள்ளை மடுவம் இன்னதென்று கூற வேண்டுவதில்லை; பிறர்பொருட்டுக் கூறுகின்றேன். விடியற்காலையில் மலைக்குச் செல்லும் தாய் தன் மகவை விட்டுச் செல்லும் இடம் அது. வெள்ளையர் காலத்துத் தோட்டங்களில் இம்மடுவங்கள் எழுந்தமைக்குக் காரணம், தாயின் இரு கைகளும் கொழுந்துக்கு வேண்டியிருந்தமையே. ஏணையும் பாலும், பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டியும் இருந்தாற் போதும். பிள்ளை அழாதிருந்தால் மடுவம் நன்கு நடந்ததாகக் கருதப்பட்டது. தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடஞ் சென்ற 1992 ஆம் ஆண்டில் தோன்றி, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என வழங்கும் நிறுவனத்தின் முயற்சியால் மடுவங்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பேற்றனர். பெயர் மாறியது, பார்வை மாறியதா என்பதே வினா.

யான் சென்ற நாளில் பனிமூட்டம் வாயில்வரை வந்து நின்றது. உள்ளே ஒரு மூலையிற் பிள்ளைகள் ஐவர் "மலைக்குப்" போய்க்கொண்டிருந்தனர். நான்கு வயதுச் சிறுமியொருத்தி உரச்சாக்குத் துண்டைத் தலையிலே கட்டி முதுகில் தொங்கவிட்டு, காய்ந்த இலைகளை இரு கையாலும் அதனுள் எறிந்தாள். ஒரு சிறுவன் காதிலே குச்சி செருகிக் கணக்கப்பிள்ளையாக நின்றான். ஒரு தடியும் இரண்டு சிரட்டையும் தராசாயின. சிறுமி தன் இலையைச் சிரட்டையில் இட்டாள்.

"ரெண்டு கிலோ கழிவு" என்றான் கணக்கப்பிள்ளை.

"காஞ்ச எலைக்கு என்னா கழிவு?" என்றாள் அவள்.

யான் திடுக்குற்றேன். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் எடையிற் கழிப்பதைக் கொழுந்து மடுவத்திற் கண்டு வாய்திறவாது திரும்பும் தாய்மார் பலர். தாய் கேளாத வினாவை மகள் விளையாட்டிற் கேட்டாள். அதுவும் வெற்று முழக்கமாகக் கேட்டிலள். இலை காய்ந்திருக்கின்றது என ஏதுக் காட்டி மறுத்தாள்.

அருகிருந்த ஆசிரியை அவ்வழக்கிற் புகுந்து தீர்ப்புக் கூறினாரல்லர். ஒரு பிடி தேயிலைக் கொட்டைகளை அவர்கள் முன்னிட்டு, "எத்தனை கொட்டை வைத்தால் தட்டு நேராகும்?" என்று மட்டும் வினவினார். ஐவரும் சேர்ந்து எண்ணலாயினர். ஐந்திலே தட்டு சாய்ந்தது, ஏழிலே நேராயிற்று. மிகுதி, குறைவு, சமம் என்னும் மூன்று கருத்தும், ஒன்றுக்கொன்று பொருத்தி எண்ணும் முறையும், தன் முறை வருங்காறும் பொறுத்திருக்கும் பண்பும் அக்கால் மணி நேரத்தில் அவர்க்கு வசமாயின. கொப்பியில் ஒரு கோடும் விழவில்லை.

அக்கொப்பியே நண்பகலில் வழக்காயிற்று. பிள்ளையை அழைத்துச்செல்ல வந்த தாயொருத்தி, "டீச்சர், ஆறு மாசமாச்சு, கொப்பி வெறுமையாகக் கிடக்கே, பிள்ளை என்னதான் படிச்சது?" என்று வருந்தினார். "அக்கா, முதலில் களிமண்ணை உருட்டி விரல் உரம் பெறட்டும், எழுத்துத் தானாக வரும்" என்றார் ஆசிரியை. தாய் தெளிந்தாரல்லர்.

அத்தாயின் அச்சம் பழிக்கத்தக்கதன்று. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரக் கண்ட மக்கட்கு எழுத்து எளிதிற் கிட்டிய பொருளன்று. லயத்தினின்று வெளியேறும் வழி அதுவொன்றே என நம்புவோர் வெறுங் கொப்பியைக் கண்டு நடுங்காதிருப்பரோ?

யானும் அத்தாயின் கட்சியினனாகவே இருந்தேன். ஆண்டுகள் பல முன்னர்க் கீழ்வகுப்பொன்றைச் சின்னாள் நடத்த நேர்ந்தபோது, பாடவேளையிற் கொட்டைகளை வைத்து விளையாடிய சிறுவனிடமிருந்து அவற்றைப் பறித்து யன்னல் வழியே எறிந்தேன். அவன் அவற்றை ஐந்தைந்தாக அடுக்கியிருந்தமை என் கண்ணிற் பட்டது. ஆயினும் கை நிற்கவில்லை. அந்நாளில் நடத்திய பாடம் எதுவென இன்று நினைவில்லை. அவ்வடுக்கு மட்டும் நினைவில் நிற்கின்றது.

நம் முன்னோர் இவ்வகையில் என்னினும் தெளிந்தோர். தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச்செல்ல இயலாவிடினும் அதனைக் கையால் இழுத்தே சிறுவர் மகிழ்வர் என்பதைக் குறுந்தொகைப் புலவரொருவர் கண்டிருக்கின்றார். புகார் நகரத்துச் சிறுவரின் மூவுருளைத் தேரைப் பட்டினப்பாலை காட்டும். சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் பிள்ளைத்தமிழிற் பருவங்களாகவே வைக்கப்பட்டன. விளையாட்டைக் குறிக்கும் உரிச்சொற்களுள் பண்ணை என்பதும் ஒன்றெனத் தொல்காப்பியம் கூறும். இன்று பண்ணை என்றதும் பயிர் நிலமே நினைவில் எழும். தேயிலைப் பண்ணையினுள்ளே பிள்ளைகளின் பண்ணைக்கும் இடம் வேண்டுமன்றோ? ஏடு தொடக்கும் நாளிலுங்கூட நாம் பிள்ளையின் விரலைப் பற்றி அரிசியிலன்றோ எழுதுவிக்கின்றோம்? எழுதுகோல் பின்னரே வரும்.

மேலை நாட்டிலும் இவ்வுண்மை தொழிலாளர் குடியிருப்பொன்றிலேயே துலங்கியது. 1907 ஆம் ஆண்டு உரோமை நகரின் சான் லொரென்சோப் பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துத் திரிந்த பிள்ளைகள் சுவரையும் படியையும் பாழாக்காதிருத்தற்பொருட்டுக் கட்டட உரிமையாளர் ஓர் இடம் ஒதுக்கினர். அதுவும் பிறர் வசதிக்காக எழுந்த மடுவமே. மரியா மொன்டிசோரி அம்மையார் அதனைக் கற்கும் இல்லமாக்கினார். அரத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி விளையாடிய பிள்ளைகள் நான்கைந்து வயதிலே தாமாக எழுதத் தொடங்கினர். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவ்வம்மையார், 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அரிசியில் எழுதிய விரலும் அரத்தாளைத் தடவிய விரலும் ஒரே நெறியிற் சென்றவையே.

நம் நாட்டிலும் 1999 ஆம் ஆண்டு எங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூவழி வகுத்து, முதலாந் தரத்தில் விளையாட்டுக்கே முதன்மை தந்தது. முதலாந் தரத்துக்கே அஃது உரியதாயின், அதற்கு முற்பட்ட பாலர்க்கு அதனை மறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாந் தரத்துக்கு வரும் பிள்ளையிடம் "என்ன எழுதுவாய்?" என்று கேட்பதை விடுத்து, "என்ன விளையாடுவாய்?" என்று கேளுங்கள். தாயின் நடுக்கம் பாதி தீர்வது அவ்வினாவாலேயே. மடுவத்து ஆசிரியையின் சிறிய ஊதியத்தையும், அவர் கைக்கு வேண்டிய களிமண்ணையும் பலகையையும் பற்றித் தோட்டத்தாரிடம் பேசுங்கள்.

யான் விடைபெற்றபோது அச்சிறுமி மீண்டும் சிரட்டையை நிரப்பிக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளை மாறிவிட்டான்; கழிவு ஒரு கிலோவாகக் குறைந்திருந்தது. அவள் அதற்கும் இணங்கினாளில்லை. ஏழு கொட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, தட்டு நேராகும்வரை காத்திருந்தாள்.