வளைநுனிக் கோரை

வயலிற் களையாய் முளைத்து உழவரை வருத்தும் கோரையை நம்முள் அறியாதார் இலர். அக்குடும்பத்தைச் சேர்ந்த பூண்டொன்று ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்ப்பேதியன் என்னும் ஐரோப்பிய மலைகளில், மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே வாழ்கின்றது. அதன் லத்தீன் பெயர் காரெக்ஸ் கர்வுலா. 1785-ஆம் ஆண்டில் தூரின் நகரத்து வைத்தியரும் தாவர சாஸ்திரியுமாகிய அல்லியோனி இட்டது. 'கர்வுலா' எனின் சற்றே வளைந்தது என்பதாம். சுண்ணாம்பற்ற புளிப்பு மண்ணே அதற்கு உகந்தது. ஆல்ப்ஸில் ஏறத்தாழ 7,000 அடி முதல் 9,000 அடி வரை, மலைச்சரிவுகளைப் பழுப்புக் கலந்த பசுங்கம்பளமாய் மூடிக் கிடக்கும். இலைநுனிகள் காய்ந்து சுருளுதலே அப்பழுப்புக்குக் காரணம்; அந்நுனிகளில் ஒருவகைப் பூஞ்சணமும் குடியிருப்பதுண்டு.

காண்பார்க்கு இஃது அற்பப் புல்லே. ஆயினும் அதன் வயதைக் கேட்பின் நாம் திகைப்போம். விதையினின்று புதுச்செடி தோன்றி நிலைப்பது மிக அரிது. நிலத்தடித் தண்டு நீண்டே அது பரவுகின்றது. அவ்வளர்ச்சியோ ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரும் இல்லை. ஸ்விட்ஸர்லாந்தின் பூர்க்கா கணவாயருகே, 7,000-க்கு மேற்பட்ட குருத்துகள் ஒரே செடியினுடையவை எனக் கண்ட ஆராய்ச்சியாளர், அதன் பரப்பையும் வளரும் வேகத்தையும் கணக்கிட்டு, அதற்கு ஏறக்குறைய 2,000 வயதாகலாம் என்று 1996-இல் வெளியிட்டனர்.

பனிச்சறுக்குத் தடம் அமைக்க இயந்திரத்தால் இக்கோரையைச் சுரண்டியெறியும் வழக்கம் அம்மலைகளில் உண்டு. ஒரு முழ அகலம் சுரண்ட ஒரு நிமிஷமும் வேண்டாம். ஒரு முழம் ஏறத்தாழ 450 மில்லிமீட்டர். இருபுறமிருந்தும் தண்டு நீண்டு வரினும், அவ்வெற்றிடம் மூட 200 ஆண்டுகளுக்கு மேலாகும்.