அனைவரும் உண்ண ஓர் அன்னாசிப் பண்டம்

ரப்பர் தோட்டங்களில் தீபாவளி என்றால், லயத்து வீடுகளுக்கு இடையே பலகாரத் தட்டுகள் போவதும் வருவதுமாக இருக்கும். பேராக் மாநிலத்தில் அத்தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல ஈப்போ போன்ற நகரங்களில் குடியேறின. இன்று அக்குடும்பங்களின் திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய், சீன நண்பர்களும் வருகின்றனர். ஒருவர் ஹலால் உணவை மட்டுமே உண்பார். மற்றொருவர் முட்டையைத் தவிர்ப்பார். இவர்கள் அனைவரும் ஒன்றாக உண்ணத்தக்க பண்டம் ஏதேனும் உண்டா?

உண்டு. பழத்தின்மேல் உதிரி மாவைத் தூவி ஓவனில் சுட்டெடுக்கும் ‘கிரம்பிள்’ அத்தகையது. இது பிரிட்டனில் புகழ்பெற்ற பண்டமாகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில் அங்கு வெண்ணெயும் சீனியும் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டன. குறைந்த பொருள்களைக் கொண்டு செய்யக்கூடிய கிரம்பிள், அக்காலத்து இல்லங்களுக்குக் கைகொடுத்தது. நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் அன்னாசிப்பழத்தைக் கொண்டும் இதனைச் செய்யலாம்.

எட்டுப் பேருக்கு, தோல் நீக்கி நறுக்கிய அன்னாசி 800 கிராம் தேவை. அதனுடன் மூன்று மேசைக்கரண்டி சீனி சேர்த்து, சாறு ஓரளவு வற்றும்வரை சுமார் 10 நிமிடம் வேகவிட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோள மாவைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றினால் சாறு கெட்டியாகும். அதனை ஓவனில் வைக்கத்தக்க பாத்திரத்தில் பரப்பி ஆறவிட வேண்டும்.

அடுத்து, 200 கிராம் கோதுமை மாவில் 100 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாக்கிப் போட்டு, விரல் நுனியால் பிசிற வேண்டும். மாவு, புட்டு மாவைப் போல உதிரியானதும் 80 கிராம் சீனியைக் கலந்து, பழத்தின்மேல் அழுத்தாமல் தூவ வேண்டும். 180 பாகை செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம்வரை சுட்டால் மேற்பகுதி பொன்னிறமாகும்.

வெண்ணெய் ஏன் குளிர்ந்திருக்க வேண்டும்? கோதுமை மாவிலுள்ள புரதம் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது இழுவைத்தன்மை பெறுகிறது. ரொட்டி மாவு இழுபடுவது இதனால்தான். வெண்ணெயின் கொழுப்பு மாவுத் துகள்களைச் சூழ்ந்து அதனைத் தடுக்கிறது. முறுக்கு மாவில் வெண்ணெய் பிசிறும் நம் பாட்டிமாரும் மொறுமொறுப்புக்குக் கொழுப்பையே நம்பினர். நம் வெப்பநிலையில் வெண்ணெய் விரைவில் உருகிவிடும். அவ்வாறு உருகினால் மாவு களிபோல் ஆகிவிடும். ஆகவே, பிசிறிய மாவை 15 நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு தூவுவது நல்லது.

இப்பண்டத்தில் முட்டையோ இறைச்சியோ இல்லை. எனினும், முஸ்லிம் நண்பர்களுக்காகப் பொருள்களின் உறையில் ஹலால் முத்திரை இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். பாத்திரங்களும் தூய்மையானவையாக இருத்தல் அவசியம். கோதுமையோ பாலோ ஒவ்வாதவர்களும் விருந்தினருள் இருக்கக்கூடும். சேர்த்த பொருள்களை ஓர் அட்டையில் எழுதிப் பாத்திரத்தின் அருகே வைத்தால், அவர்கள் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. மாவு தூவுவதற்கு முன்பே பழக்கலவையில் கொஞ்சம் அவர்களுக்கென எடுத்து வைக்கலாம்.

அக்காலத்தில் பலகாரத் தட்டைக் கொண்டு சென்றவர், எந்த வீட்டில் யார் எதை உண்பார் என்பதை அறிந்திருந்தார். அந்த அக்கறையோடு சமைப்பதே விருந்தோம்பலின் தொடக்கம். விருந்துக்கு வந்தவருள் ஒருவர்கூட வெறுந்தட்டோடு ஒதுங்கி நிற்கக் கூடாது அல்லவா?