ராடார் கருவியும் சட்டமும்

அமெரிக்க தேசத்தில் போலீஸாரின் ராடார் அலைகளை முன்கூட்டியே உணர்த்தும் கருவியைப் பலர் மோட்டாரில் பொருத்துகின்றனர். அதை 12 வோல்ட் மின்சாரத்துடன் நிலையாக இணைப்போர், சாவி திருப்பியபின் மட்டும் உயிர்பெறும் பியூஸிலிருந்தே, தனியாகவும் ஒரு சிறு பியூஸ் வைத்து, கம்பி எடுத்தல் வேண்டும். எப்பொழுதும் மின்சாரம் பாயும் பியூஸில் இணைத்தால், நிறுத்திய வண்டியிலும் பாட்டரி கரைந்துகொண்டிருக்கும். மற்றொரு கம்பியை வர்ணமற்ற உலோகத்தில் இறுக்குதல் வேண்டும். காற்றுப்பை விரியும் பாதையில் கம்பி குறுக்கிடலாகாது.

இவ்வளவும் கைத்திறனே. ஆயின் வர்ஜீனியா மாகாணத்திலும் வாஷிங்டன் நகரிலும் இக்கருவிக்குத் தடையுண்டு. கனரக வர்த்தக லாரிகளில் 1994 முதல் மத்திய சர்க்காரே விலக்கியிருக்கிறது. ஏனைய மாகாணங்களில் சொந்த மோட்டாருக்குப் பெரும்பாலும் தடையில்லை என்பதனாலேயே அது நியாயமாகிவிடுமா? வேகவரம்பு போலீஸாருக்காக ஏற்பட்டதன்று. வீதியைக் கடக்கும் குழந்தைக்காக ஏற்பட்டது. அக்குழந்தையின் வருகையை எந்த ராடார் கருவியும் உணர்த்தாது.