தீபத்துக்கு முன்னால் காலி பண்ணு!

நான் பட்ட பாடு உங்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் பே கோபுரம் பக்கம் ஒரு போர்ஷனில் ஒன்பது வருடம் குடியிருந்தோம். என் கணவருக்குத் துணிக்கடையில் வேலை. ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்துவிடுவோம். ரசீது கேட்டதில்லை. "நமக்குள்ள எதுக்கும்மா எழுத்தும் கையெழுத்தும்?" என்பார் வீட்டுக்காரம்மா. நானும் அக்கா, அக்கா என்று பழகியதில் ஒப்பந்தமே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்தின்போது லாட்ஜுகளில் இடம் கிடைக்காது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வேறு. வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் நல்ல காசு என்ற ஆசை அவர்களுக்கு வந்துவிட்டது. ஐப்பசியில் ஒரு நாள், "தீபத்துக்கு முன்னால காலி பண்ணிடும்மா" என்றார்.

"பசங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை வருதுக்கா. மார்கழியில வீடு மாறக் கூடாது. தை பொறந்ததும் போயிடறோம்" என்று கெஞ்சினேன்.

மறுநாளே மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டு! தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்துத் தூக்கினேன். நாலாம் நாள் எங்கள் போர்ஷன் ஃபியூஸையும் பிடுங்கிவிட்டார்கள். சின்னவள் மெழுகுவர்த்தி வைத்துப் படித்தாள்.

தெருவில் இருந்த ஓய்வு பெற்ற டீச்சரம்மா சொல்லித்தான் சட்டம் தெரிந்தது. 1960-ம் வருட வாடகைச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறதாம். என்ன தகராறு என்றாலும் தண்ணீர், மின்சாரத்தை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. துணை கலெக்டர் அந்தஸ்தில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். காலி செய்ய வைக்க வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால், எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யவும் அதே சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வீட்டுக்காரர் வழக்குப் போடலாமாம். "உன் பக்கம் நியாயம் இருக்கு. பேப்பர் இல்லையேம்மா" என்றார் டீச்சரம்மா.

மனுவை எழுதி, கொடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் காட்டினோம். அன்று சாயங்காலமே தண்ணீரும் கரண்ட்டும் வந்தன. தை பிறந்ததும் வெளியேறினோம். அட்வான்ஸில் பாதியை 'வெள்ளையடிக்கும் செலவு' என்று பிடித்துக்கொண்டார்கள். கொடுத்ததற்குச் சீட்டு இல்லாததால் வாயை மூடிக்கொண்டு வந்தோம். பெரியவள் காலேஜ் ஃபீஸுக்கென்று நினைத்திருந்த பணம் அது.

புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துவிட்டோம். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இப்போது மாதாமாதம் ரசீது வாங்கி அரிசி டப்பா பக்கத்தில் ஒரு கவரில் வைக்கிறேன்.

சகோதரிகளே, வீட்டுக்காரம்மா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உறவு உறவாக இருக்கட்டும், கணக்கு கணக்காக இருக்கட்டும்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.