நான்காம் ஆண்டுக்கு நெல் அளப்பது யார்?

"ஆனர்ஸ்" என்ற சொல் மீண்டும் பவனி வருகிறது. பழைய சரக்கு, புதிய பொட்டலம்! கலைப்பாடம் படிக்கும் பிள்ளை மூன்றாண்டோடு நில்லாமல் நான்காம் ஆண்டும் படித்தால், பட்டத்தின் பக்கத்தில் அச்சொல்லைப் பொறித்துத் தருவார்களாம். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை போட்ட கோடு இது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்குக் கணக்கும் எழுதித் தந்தது. மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு வாங்கியவருக்கே ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ். 74 வாங்கியவருக்கு? வெறும் ஆனர்ஸ்!

விழுப்புரத்தாருக்கும் திண்டிவனத்தாருக்கும் இதில் என்ன கவலை என்று கேட்பவர் உண்டு. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் 2025-இலும் மூன்றாண்டு பி.ஏ., ஈராண்டு எம்.ஏ. என்ற முறைதான் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி. அங்கே பல்கலைக்கழகம் 2023-24-இலேயே நான்காண்டு முறையைத் தொடங்கிவிட்டது. திண்டிவனத்தில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேறொரு கல்வி உலகம். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நான்கு. மகளை எந்தப் பக்கம் அனுப்புவது என்று விவசாயி கேட்கிறார். அவருக்கு நேரான பதில் சொல்லவேண்டாமா?

பதிலுக்கு முன் கொஞ்சம் பழங்கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அன்று இன்டர்மீடியட் முடித்தவர் ஈராண்டில் சாதாரண பி.ஏ. பெறலாம், மூன்றாண்டு படித்தால் ஆனர்ஸ். ஆனர்ஸ்காரர் பின்னர் தேர்வெழுதாமலே கட்டணம் கட்டி எம்.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம்! அந்த ஓர் ஆண்டுதான் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும், குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைக்கும் நடுவே ஓடிய வாய்க்கால். அதைத் தாண்டியவர்கள் எங்கள் பக்கத்து மக்களில் மிகச் சிலரே. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக உட்கார்ந்த அண்ணாதுரை, பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் ஆனர்ஸாகப் படித்து 1934-இல் முடித்தார் என்றால், அது விதியன்று, விலக்கு.

அந்த ஆனர்ஸ்காரரின் பெயரைத் தாங்கித்தான் விழுப்புரத்தில் அரசு கலைக் கல்லூரி நிற்கிறது. 1968-இல் வந்தது. அடுத்த ஆண்டே திண்டிவனத்திலும் ஒன்று வந்தது. அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்துறை அமைச்சராக இருந்த ஆ. கோவிந்தசாமியின் பெயர் அதற்கு. இரயிலேறிச் சென்னைக்குப் போகாமல், மாலையில் வீடு திரும்பி மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வரலாறும் தமிழும் படிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. (கல்லூரிகள் இருந்த இடத்திலேயே இருக்க, பல்கலைக்கழகம்தான் சென்னை, வேலூர், சிதம்பரம் என்று ஊர் மாறியது. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகச் சட்டம் வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலந்ததும் நினைவிருக்கலாம்.)

ஆழ்ந்து படிப்பதற்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைப்பது தீதென்று நாம் சொல்லவில்லை. அந்த ஆண்டில் மாணவர் சாப்பிடுவது எதை? நமது கேள்வி அது ஒன்றே.

இக்கேள்விக்கு விடை வெளிநாட்டில் தேடவேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள நரசிம்மப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் இராசேந்திரன் காலத்து, ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. ஒரு கல்லூரியின் வரவுசெலவே அதில் வெட்டப்பட்டிருக்கிறது! மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். மானியம் 45 வேலி நிலம். தொடக்க நிலையில் ஓதியவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு ஆறு நாழி நெல். உயர்நிலையில் வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பயின்ற 70 பேருக்கு ஆளுக்குக் குருணி இரு நாழி, அதாவது பத்து நாழி. கவனியுங்கள்: மேலே படிக்கப் படிக்க நெல் கூடுகிறது! இன்றைய சொல்லில் அந்த எழுபது பேரும் ஆனர்ஸ் மாணவர்கள்தாம். ஆழப் படிப்பவனுக்கு வயிறு உண்டு, வீடு உண்டு என்று சோழ அரசுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் யாருடைய வயிறு? அங்கே படித்தது வேதம். பாடப் பட்டியலில் தமிழ் இல்லை. நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. நாற்பத்தைந்து வேலியின் விளைச்சலும் ஒரு குலத்தின் படிப்புக்கே போயிற்று!

இன்று நிலைமை தலைகீழ். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, மரக்காலைத்தான் காணோம்! கரும்பு வெட்டும் வீட்டுப் பெண் பி.ஏ. முடித்ததும் வீடு அவளைப் பார்க்கிறது. தம்பியின் படிப்பு நிற்கிறது, மாப்பிள்ளை பேச்சு நடக்கிறது, தையலகத்தில் ஆள் கேட்கிறார்கள். அவளிடம் போய், "இன்னும் ஓராண்டு இரு, ஆனர்ஸ் தருகிறோம்" என்றால் அது அழைப்பா, கேலியா? அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்கு வந்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அந்த ஆயிரம் பேருந்துக் கட்டணமாகவும் புத்தகமாகவும் மாறி எத்தனையோ பெண்களைக் கல்லூரியில் நிறுத்திவைத்தது. நான்காம் ஆண்டு என்று ஒன்று வருமானால், எண்ணாயிரத்துக் கணக்குப்படி அந்த ஆண்டுக்குத் தொகை கூடவேண்டும், குறையக்கூடாது.

இனி ஆசிரியர் பக்கம். மாணவருக்கு ஆனர்ஸ், ஆசிரியருக்குக் "கௌரவம்"! ஆம், அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரில் பெரும் பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. 2024-இல் தமிழ்நாட்டில் அவர்கள் பெற்றது 25,000. அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாத ஆசிரியர், ஓராண்டு ஆய்வுக்கு எப்படி வழிகாட்டுவார்?

அந்த ஓராண்டு உருப்படியாகக் கிடைத்தால் செய்வதற்கு வேலையா இல்லை? மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் குடைந்தேன் என்று பல்லவன் மகேந்திரன் எழுதிவைத்திருக்கிறான். செஞ்சிக் கோட்டை இருக்கிறது, திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் இருக்கின்றன. எண்ணாயிரத்துக் கல்வெட்டையே எடுத்துக்கொண்டு, அந்த நாற்பத்தைந்து வேலியை உழுதவர் யார், அவர்களுக்கு என்ன மிஞ்சியது என்று ஓராண்டு தோண்டட்டுமே திண்டிவனத்து வரலாற்று மாணவி! கல்வெட்டைப் படிக்க எழுத்துப் பயிற்சி வேண்டும், படியெடுக்கத் தாளும் மையும் வேண்டும், ஊருக்குப் போய்வரப் பணம் வேண்டும், உடன் ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஆகவே நான்காம் ஆண்டுக்குப் பரிந்து பேசும் பெருமக்கள் முதலில் ஒரு தாளை எடுக்கட்டும். மாணவருக்கு மாதம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, துறைக்கு நிலையான ஆசிரியர் எத்தனை பேர், நூலகத்துக்கு எவ்வளவு என்று எழுதட்டும். சோழன் கல்லில் எழுதியதை இவர்கள் காகிதத்திலாவது எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு "ஆனர்ஸ்" என்று பலகை மாட்டட்டும்.