‘வலிக்கிறதே!’ என்று பெயர் பெற்ற நோய்

கோழி எலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினிகரில் ஊறப் போட்டுப் பாருங்கள். பிறகு அதை எடுத்து வளைத்தால் ரப்பரைப்போல வளையும். எலும்புக்கு உறுதி தரும் கால்சியம் உப்புகளை அமிலம் கரைத்துவிட, புரத இழைகளே எஞ்சுகின்றன. உயிருள்ள மனிதரின் எலும்பும் இவ்வுப்புகளை இழந்தால் என்ன ஆகும்? ஜப்பானில் அப்படித்தான் நடந்தது.

அந்நாட்டின் தோயாமா மாவட்டத்தில் ஜின்சு என்றோர் ஆறு பாய்கிறது. அதன் கரையோரச் சிற்றூர்களில், பல பிள்ளைகளைப் பெற்று நடுவயதைக் கடந்த பெண்கள் இடுப்பு வலி, கால் வலி என்று படுக்கையில் விழுந்தார்கள். முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைந்தது. இருமினாலே விலா எலும்பு முறிந்தது. ‘இட்டாய், இட்டாய்’ என்று அவர்கள் ஓயாமல் அரற்றினார்கள். ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’ என்பது அதன் பொருள். அதுவே நோயின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

சத்துக் குறைவு என்றனர் சிலர்; ஓயாத வயல் வேலை என்றனர் சிலர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பிய நொபோரு ஹகினோ என்னும் மருத்துவருக்கு இது போதவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்களும்தாம் வறுமையில் உழைத்தார்கள். அவர்களுக்கு ஏன் இந்நோய் வரவில்லை? நோயாளிகளின் வீடுகளெல்லாம் ஜின்சு ஆற்றுநீர் பாயும் பகுதியிலேயே இருந்தன. ஆற்றின் மேற்பகுதியிலோ, மிட்சுயி நிறுவனத்தின் காமியோக்கா சுரங்கம் துத்தநாகம் எடுத்துக்கொண்டிருந்தது.

துத்தநாகத் தாதுவில் காட்மியமும் கலந்திருக்கும். தனிம வரிசை அட்டவணையைப் பாருங்கள்: துத்தநாகம், காட்மியம், பாதரசம் மூன்றும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. மினமாட்டாவில் மீனின் வழியே நரம்புகளைத் தாக்கியது பாதரசம். அதன் பங்காளியான காட்மியமோ சுரங்கக் கழிவுடன் ஆற்றில் இறங்கி, வயலில் படிந்து, நெல்லில் ஏறி, சோறாக உடலுக்குள் புகுந்தது.

வியப்பு என்னவென்றால், அது முதலில் தாக்குவது எலும்பை அன்று, சிறுநீரகத்தை! அங்கே பத்து, இருபது ஆண்டுகள்கூட அது தங்கிவிடும். இரத்தத்திலிருந்து வடிந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்ப உறிஞ்சிக்கொள்வது சிறுநீரக நுண்குழல்களின் வேலை. அவை பழுதானால் இரண்டும் சிறுநீரோடு போய்விடும். வைட்டமின் டியை உடலுக்குப் பயன்படும் வடிவாக மாற்றுவதும் சிறுநீரகமே, அதுவும் குன்றும். புதிய எலும்பில் உப்பு படிவதில்லை. வினிகரில் ஊறிய எலும்பின் கதைதான். உடலில் இரும்புச் சத்து குறைந்திருந்தால் குடல் காட்மியத்தை மிகுதியாக உறிஞ்சும். பெண்களே பெரிதும் பாதிக்கப்பட்டதற்கு இது ஒரு காரணம்.

காட்மியமே காரணம் என்று 1961இல் ஹகினோ கூறியபோது ஏற்காதவர்கள் பலர். அரசு 1968இல் ஏற்றது. நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் 1971இலும், மேல்முறையீட்டில் 1972இலும் ஊர் மக்களே வென்றார்கள். நஞ்சேறிய வயல்களைத் திருத்தும் வேலை 2012இல்தான் முடிந்தது. 1972 முதல் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மக்கள் அறிவியலாளர்களை அழைத்துக்கொண்டு அந்த ஆலைக்குள் நுழைந்து, கழிவு நீரைச் சோதித்து வருகிறார்கள்.